பன்னிரண்டாவது மாணவர்

வேதகிரியின் இடுக்கியிலிருந்து ஸ்க்ரூ மறுபடியும் நழுவி, சர்க்யூட் போர்டின் மேல் ஒரு குதி குதித்து, மேஜைக்கு அடியில் போய் விழுந்தது. அதைத் தேடுவதற்காக நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நாற்காலிக் கால் சரியாக அந்த ஸ்க்ரூவின் மேலேயே ஏறி நின்றது.

சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் ஐனோ மேடம் சிரித்தார்.

சத்தம் வராத சிரிப்பு. அதைத்தான் வேதகிரியால் தாங்க முடியவில்லை. நடை பழகும் குழந்தை தடுக்கி விழுந்தால் பெரியவர்கள் ஒரு சிரிப்பு சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. வேதகிரிக்கு வயது நாற்பத்தாறு.

"தம்பி, அந்தம்மா என்னைப் பாத்து சிரிக்குது."

பயிற்சி மையத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிக், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். "கிண்டல் பண்ணலண்ணா. நல்லாப் பண்றீங்கன்னு சந்தோஷப்படறாங்க."

"ஸ்க்ரூ கீழ வுழுந்ததுக்கா?"

"நீங்க நீங்களா இருங்கண்ணா. அது போதும்."

இதற்கு என்ன பொருள் என்று வேதகிரிக்குப் புரியவில்லை. நாற்பத்தாறு வருஷமாக அவர் அவராகத்தான் இருந்துவந்தார். அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்ததாக அவருக்குத் தெரியவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு நெல் மண்டிக்கு மேலே இருந்தது அந்தக் கூடம். வாசலில் இரண்டு நாட்டுக் கொடிகளையும் சேர்த்து வரைந்த பலகை. இந்தியாவும் பின்லாந்தும் சேர்ந்து, கிராமத்து ஆட்களுக்கு மின்னணுத் தொழிற்சாலை வேலை கற்றுத்தரும் திட்டம் என்று அதில் எழுதியிருந்தது. திறப்பு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் இரண்டு நாடுகளின் கைகள் இன்று ஒன்று சேர்கின்றன என்றே பேசினார்கள். அது தன்னுடைய கை என்று அன்றைக்கு வேதகிரிக்குத் தெரியாது. பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேனாக இருந்தவர். ஒருநாள் வாசலில் இரண்டு கேமராவைப் பொருத்தினார்கள். மறுநாள் தானே திறந்து தானே மூடும் கம்பு ஒன்றை நட்டார்கள். அதற்கடுத்த நாள் அவரிடமிருந்து விசிலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கேமரா வந்தால் ஆள் போவான். வேதகிரி தன் வாழ்க்கையில் சந்தேகமில்லாமல் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரை, மனைவி பவளத்தின் தம்பி தினேஷ்குமார்தான் இங்கே இழுத்து வந்தான். "வெளிநாட்டுக்காரங்க சேந்து நடத்தறது மாமா. வயசு பாக்கல. பத்தாவது படிச்சிருந்தா போதும். படிக்கற காலத்துலயே உதவித்தொகை தராங்க. வந்து ஒக்காரு."

பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு மேஜை. மேஜைக்கு மேலே, கையைப் பார்த்தபடி ஒரு கேமரா. பின்லாந்திலிருந்து ஐனோ மேடம் அதன் வழியாகப் பார்த்து, ஆங்கிலத்தில் சொல்லித்தருவார். ஆசிக் தமிழில் சொல்லுவான். போர்டில் சின்னச் சின்னக் கனெக்டர்களைச் செருக வேண்டும், ஸ்க்ரூ முடுக்க வேண்டும், இரண்டு இடத்தில் ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். அவ்வளவுதான் படிப்பு.

மூன்று மாதத்தில் பதினொரு பேர் தேறிவிட்டார்கள். தினேஷ்குமார் முதலாவதாக வந்தான். பதினொரு பேருக்கும் சான்றிதழ் கொடுத்து, மாலை போட்டு, ஒரகடத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். விழா முடிந்ததும் நாற்காலிகளை மடித்து அடுக்கியது வேதகிரி.

"நான் இன்னா பண்ணட்டும் தம்பி?"

"நீங்க தொடர்ந்து வாங்கண்ணா."

"எதுவரைக்கும்?"

"நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுண்ணா. நீங்க வாங்க, அது போதும்."

அன்றிலிருந்து, பதினொரு காலி மேஜைகளுக்கு நடுவில் ஒற்றை ஆளாக வேதகிரி உட்கார்ந்திருந்தார். கார்த்திகை மழை தகரக் கூரையை அடித்துக்கொண்டே இருந்தது. கீழே மண்டியிலிருந்து ஈர நெல்லின் புழுங்கல் வாடை ஏறிவந்தது. திரையில் ஐனோ மேடத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல் தெரியும். இங்கே காலை பதினோரு மணியானாலும் அந்த ஜன்னலில் இருட்டாகத்தான் இருக்கும். அந்த ஊரில் குளிர்காலத்தில் பொழுது சரியாக விடியாதாம். அந்த இருட்டில் உட்கார்ந்துகொண்டு, மெனக்கெட்டுத் தன்னைப் பார்த்துச் சிரிக்க ஒருவருக்கு எப்படி மனசு வருகிறது என்று வேதகிரி யோசிப்பார். யோசிக்கும்போது இன்னொரு ஸ்க்ரூ விழும்.

கூடத்தைப் பெருக்கி, டீ போட்டுத் தருகிற செல்லம்மாள் அதைப் பொறுக்கி மேஜையில் வைப்பாள். "உன்னால எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு நைனா. ஆனா அந்த ஐயோம்மா முகத்தப் பாரு, கல்யாணம் கட்டிக்கினாப்ல கீது." ஐனோ என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை.

மற்றவர்கள் போன மறுவாரம், அந்தப் பதினொரு மேஜைகளிலிருந்த கேமராக்களில் நான்கைக் கழற்றி வேதகிரியின் மேஜையைச் சுற்றிப் பொருத்தினார்கள். ஒரு கேமரா வந்தாலே ஆள் போவான். இங்கே ஐந்து.

வீட்டுக்கு வந்து பவளத்திடம் சொன்னார்.

"உனக்குக் கண்ணு தெரியலயா," என்றாள் பவளம். "போன வாரம் என் தங்கச்சின்னு நெனச்சுக்கினு எதுத்த வூட்டுக்காரிய வான்னு கூப்ட்ட. மொதல்ல கண்ணாடி போடு."

நியாயமாகத்தான் பட்டது. அடுத்த நாள் வாலாஜாபாத்துக்குப் போய், கடைத்தெருவில் அஹமது பாட்சாவின் கடையில் கண்ணாடி வாங்கினார். பாட்சா பாய் நிதானமானவர். இதைப் படிப்பதற்கும் பக்கத்து வேலைக்கும் மட்டும் போடுங்கள், எழுந்து நடக்கும்போது கழற்றிவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

கண்ணாடியோடு மேஜையில் உட்கார்ந்ததும் உலகமே பெரிதாகிவிட்டது. ஸ்க்ரூ ஒரு கத்தரிக்காய் அளவுக்குத் தெரிந்தது. வேதகிரிக்குத் தைரியம் வந்தது. ஆனால் ஸ்க்ரூ பெரிதானபோது அதைப் பிடித்திருந்த விரலும் பெரிதாகிவிட்டது, எது எங்கே இருக்கிறதென்று கணக்குத் தப்பியது. ஈயம் உருக்கும் கம்பியைப் போர்டுக்குக் கொண்டுபோவதாக நினைத்துத் தன் சட்டைக் கைக்குக் கொண்டுபோனார். பொசுங்கல் வாடை வந்ததும் பதறிக் கையை உதறினார். உருகிய ஈயத்தில் கனெக்டர், இடுக்கி, சட்டைப் பொத்தான் மூன்றும் போர்டோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டன. போர்டைக் கீழே வைக்க முடியாமல், சட்டையையும் கழற்ற முடியாமல், கண்ணாடியோடு எழுந்து நடந்து தண்ணீர்க் குடத்தில் மோதினார்.

திரையில் ஐனோ மேடம் கை தட்டினார்.

தட்டியதோடு நிற்கவில்லை. திரும்பி யாரையோ கூப்பிட்டார். இருட்டு ஜன்னலுக்கு முன்னால் ஒன்று, இரண்டு, ஐந்து வெள்ளை முகங்கள் வந்து குவிந்தன. எல்லோரும் வேதகிரியைப் பார்த்தார்கள். தாடி வைத்த ஒருவர் தன் சட்டைக் கையைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார்.

ஆசிக் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணா, கோச்சுக்காதீங்க. அதே மாதிரி இன்னொரு தபா பண்ண முடியுமான்னு கேக்கறாங்க. கொஞ்சம் மெதுவா."

வேதகிரி பொத்தானைப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் போனது, படிப்பை விடுவதாகச் சொல்லிவிட்டு வரத்தான்.

"போதும் தம்பி. எனக்கும் மான ரோஷம் கீது. ஏழு கடலு தாண்டி ஆள் சேத்துக்கினு சிரிக்கறாங்க. நான் நாளைலேர்ந்து வரல."

ஆசிக்கின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, அப்டிச் சொல்லாதீங்க. நீங்க போனா மையத்தையே மூடிடுவாங்க. ஒரு நிமிஷம் இருங்க." ஓடிப்போய் லேப்டாப்பில் எதையோ தட்டினான். பதில் வந்தது. "உதவித்தொகையை ரெண்டு மடங்கா ஆக்கிட்டாங்கண்ணா. போதுமா?"

வேதகிரி போய்த் தன் மேஜையில் உட்கார்ந்துகொண்டார்.

இதைக் கேட்டுப் பவளம் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் வீட்டில் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒயுங்கா வேல செஞ்ச என் தம்பிக்கே ஏத்தல. ஒண்ணியும் தெரியாத உனக்கு எதுக்குய்யா ஏத்தறான்?"

"எனக்கு இன்னா தெரியும்."

"பாவப்பட்டுத் தராங்க. பிச்சை. அது பேரு பிச்சை." அவள் அடுப்பை அணைத்தாள். "ரேஷன் கடையில கேக்கறாங்க. உங்க வூட்டுக்காரர வெள்ளக்காரங்க டிவியில போட்டுப் பாக்கறாங்களாமே, எந்த சேனல்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?"

உதவித்தொகை ஏறிய அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தினேஷ்குமார் வந்தான். ஒரகடம் வேலைக்குப் போய் இளைத்திருந்தான். நாஷ்டா வைத்தார்கள். இரண்டு இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டான்.

"வேல எப்டி கீது?" என்று கேட்டார் வேதகிரி.

"பேஜார் மாமா. லைன்ல மேல ஒரு மெஷின் மாட்டிக்கீறாங்க. அது நம்ம கையப் பாத்துக்கினே கீது. ஸ்க்ரூ சாஞ்சு போனா, போறதுக்கு முன்னயே தெரிஞ்சுக்கினு கத்துது. மூணு தபா கத்தினா அன்னிக்கு சம்பளம் கட்டு. மனுஷன் தப்பு பண்றதுக்கு மின்னயே அதுக்குத் தெரியுது. பிசாசு மாமா அது."

கேமரா வந்தால் இப்படித்தான் என்று வேதகிரி தலையை ஆட்டினார். மச்சினன் மேல் அதுவரை இருந்த பொறாமை கொஞ்சம் கரைந்தது. அவனுக்கும் மேலே கேமரா, தனக்கும் மேலே கேமரா. அவன் வேலை தெரிந்து கஷ்டப்படுகிறான், தான் தெரியாமல் கஷ்டப்படுகிறோம்.

"தினேசு, எனக்கு ஒரு ஒதவி பண்ணு. உங்க ஆலையில கழிச்சுப் போடற போர்டு எதுனா கெடைச்சா எடுத்தாந்து குடு. நான் இத்த கத்துக்காம வுடப் போறதில்ல. அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சரியாச் செஞ்சு காட்டிட்டு, பிச்சை வோணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

போர்டுகள் வந்ததும், இதைக் கேட்டுக்கொண்டிருந்த பவளம்தான் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வேதகிரி வேலை செய்வதை இரண்டு நாள் பேசாமல் பார்த்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்.

"நீ ஸ்க்ரூவப் பாக்கல. யார்னா உன்னப் பாக்கறாங்களான்னு பாத்துக்கினு கீற."

"அப்டியா?"

"ஊசியில நூலு கோக்க சொல்ல நான் மூச்ச அடக்கிக்குவேன். நீ மூச்சு வாங்கறே, நாய் ஓடினாப்ல. மூச்ச அடக்கு. அப்பால கைய வை."

மூச்சை அடக்கினார். கை நின்றது. ஸ்க்ரூ போய்ப் பொந்தில் உட்கார்ந்தது. இருவரும் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொருளை இப்படிப் பார்த்ததில்லை. பவளம் வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தினமும் எதிரில் உட்கார்ந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கும் பழக்கம் வேதகிரிக்குப் புதிதாக வந்தது.

மார்கழி பிறந்தபோது அவர் மையத்தில் போட்ட போர்டுகளில் பாதிக்கு மேல் சரியாக இருந்தன. முதல் தடவை ஒரு முழுப் போர்டை ஒரு பிழையுமில்லாமல் முடித்து, நெஞ்சு நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

ஐனோ மேடம் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதோ கேட்டார்.

"உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்கண்ணா," என்றான் ஆசிக்.

"நல்லா கீறேன்னு சொல்லு."

ஆசிக் சொன்னான். அந்த அம்மாளின் முகம் இன்னும் வாடியது.

வேதகிரிக்கு அது விளங்கவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. அவரைத் தேறவிடக் கூடாது என்று பின்லாந்து முடிவு செய்துவிட்டது.

முதலில், அவர் கைக்குப் பெரிதான உறையைக் கொடுத்தார்கள். அதோடு இரண்டு நாள் தடுமாறினார். பவளம் உறையின் விரல் நுனிகளை மடித்துத் தைத்துக் கொடுத்தாள். சரியாகிவிட்டது. அடுத்து மேஜையை மாற்றினார்கள். புது மேஜைக்கு ஒரு கால் குட்டை. ஆசிக் அந்தப் பக்கம் திரும்பியபோது வேதகிரி ஒரு அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்தார். பிறகு, வேலை செய்யும்போது பாட்டு போட்டார்கள். பாட்டுக்குப் பழகியதும், ஆசிக் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேச ஆரம்பித்தான்.

"அண்ணா, ஊர்ல ஏரி நெரம்பிடுச்சா?"

"நெரம்பிடுச்சு."

"கலங்கல்ல தண்ணி போவுதா?"

"போவுது."

"அண்ணா, இடது கையால பண்ணிப் பாக்கறீங்களா?"

வேதகிரி இடுக்கியைக் கீழே வைத்தார். "தம்பி, நீ நல்ல குடும்பத்துப் புள்ள. உங்கப்பன எனக்குத் தெரியும். நான் தேறிடக் கூடாதுன்னு உன்ன யாரு இப்டிப் பண்ணச் சொல்றது? அந்தம்மாவா?"

ஆசிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுண்ணா. கையெழுத்து வாங்கிக்கீறாங்க. எனக்கும் இந்த வேல தான் சோறு."

அவன் அழுவதைப் பார்த்ததும் வேதகிரியின் வைராக்கியம் இரண்டு மடங்காகிவிட்டது. ஒரு சின்னப் பையனை இப்படிப் படுத்துகிறார்களே என்று, அன்றைக்கு இடது கையாலேயே ஒரு போர்டை முடித்தார். அதுவும் சரியாக இருந்தது. திரையில் ஐனோ மேடம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னல் இருட்டாக இருந்தது.

தை பிறந்ததும் செய்தி வந்தது. ஐனோ மேடமே நேரில் வருகிறார்.

"எதுக்கு?" என்றார் வேதகிரி.

"உங்களைப் பாக்கத்தாண்ணா."

"எனக்காக ப்ளேன் ஏறி வராங்களா?"

"ஆமாண்ணா." ஆசிக் சுற்றிலும் பார்த்துவிட்டு, ரகசியம் போலக் குனிந்து சொன்னான். "அண்ணா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். அன்னிக்கு ரொம்பக் கஷ்டப்படாதீங்க. வழக்கம் போல, மொதல்ல எப்டி இருந்தீங்களோ அப்டி இருங்க. எனக்காக."

இதைப் பவளத்திடம் சொன்னபோது அவளுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்தது. "பாத்தியா. நேரா வந்து, இந்தாளுக்கு ஒண்ணியும் வரலன்னு கண்ணால பாத்தேன்னு எழுதிக்கினு போவத்தான் வராங்க. அத்தோட உன்ன அனுப்பிடுவாங்க. நீ அன்னிக்கு ஒரு ஸ்க்ரூ கூட வுடக் கூடாது."

அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. தினேஷ்குமார் ஆலையில் சேர்த்துவைத்திருந்த போர்டுகளைப் பை நிறையக் கொண்டுவந்து கொட்டினான். அவனையும் அந்த மெஷின் அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தது. சும்மா இருந்ததால் மாமாவுக்கு நேரம் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டான். வேதகிரி மூச்சை அடக்கி அடக்கி வேலை செய்தார். தூக்கத்திலும் மூச்சை அடக்கினார், பவளம் பயந்துபோய் எழுப்பினாள்.

ஐனோ மேடம் வந்த அன்று மழை விட்டு, வெயிலும் இல்லாமல், வானம் ஈரத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திரையில் தெரிந்ததைவிட வயதானவராகவும் குள்ளமாகவும் இருந்தார். கூட அந்தத் தாடிக்காரரும், காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அதிகாரியும். ஐனோ மேடம் நேராக வேதகிரியிடம் வந்து அவருடைய வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிடித்து, விரல் விரலாகப் பார்த்தார். சாமான் வாங்க வந்தவர் மாதிரி இல்லை, சாமி பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது. வேதகிரிக்குக் கூச்சமாகிவிட்டது. ஆனாலும் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். இரு, இப்போது தெரியும்.

உட்கார்ந்தார். பத்து போர்டுகளை வைத்தார்கள். மூச்சை அடக்கினார்.

முதல் போர்டில் ஒரு ஸ்க்ரூ கூடச் சாயவில்லை. ஐனோ மேடம் ஆவலோடு முன்னால் குனிந்தார். இரண்டாவதும் மூன்றாவதும் சுத்தம். அவர் மெல்ல நிமிர்ந்தார். நான்காவது போர்டில் ஆசிக் கையிலிருந்த ஃபைலை 'டபக்' என்று கீழே போட்டான். வேதகிரி இமைக்கவில்லை. ஐந்தாவதில் செல்லம்மாள் டீ கொண்டுவந்து முழங்கை இடிக்கிற மாதிரி வைத்தாள். முழங்கை நகர்ந்து கொடுத்தது, கை நகரவில்லை. ஏழாவது போர்டின்போது தாடிக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எட்டாவதில் ஆசிக் கண்ணை மூடிக்கொண்டான்.

பத்தாவது போர்டை முடித்து, இடுக்கியைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்தார் வேதகிரி.

கீழே மண்டியில் யாரோ மூட்டையைப் புரட்டும் சத்தம் கேட்டது.

ஐனோ மேடம் வேதகிரியின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. வேதகிரிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. தோற்றுப்போனவர்களுக்கும் மனசு உண்டல்லவா.

"இன்னா சொல்றாங்க தம்பி?"

"ரொம்ப நல்லா பண்ணிட்டீங்களாம்ண்ணா." ஆசிக் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அப்ப பாஸா?"

"பாஸ்ண்ணா."

சான்றிதழ் கொடுத்தார்கள். மாலைக்கு ஏற்பாடு செய்யவில்லை. மூன்று பேரும் அவரோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள், யார் முகத்திலும் களை இல்லை. வேதகிரி மட்டும் சிரித்தார். தாடிக்காரர் போய்க் கேமராக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார்.

"நாளைலேர்ந்து தம்பி?"

"நாளைலேர்ந்து வர வேணாம்ண்ணா. படிப்பு முடிஞ்சுடுச்சு."

"ஒரகடத்துல வேல?"

"அங்க முப்பது வயசுக்கு மேல எடுக்கறதில்லண்ணா. இருந்தாலும் சொல்லிப் பாக்கறேன்."

அது எதிர்பார்த்ததுதான். வேதகிரிக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் இருந்தது. பிச்சை வாங்குகிறோம் என்று இனி வீட்டில் யாரும் சொல்ல முடியாது. ஆசிக் அந்த அதிகாரியை ஓரமாக அழைத்துப்போய்த் தமிழில் ஏதோ நீளமாக விளக்கிக்கொண்டிருந்தான். அதிகாரி நெற்றியில் அடித்துக்கொள்வது தெரிந்தது. வேதகிரி சான்றிதழைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

பவளம் கீழே மண்டி வாசலில் காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்தும் சரி," என்றார் வேதகிரி. "ஒண்ணு கூட வுடல."

"தெரியும்யா."

காலி டீ டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு செல்லம்மாள் பின்னாலேயே இறங்கி வந்தாள். குழாயடியில் டம்ளர்களைக் கொட்டிவிட்டு, கழுவாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேதகிரியையே பார்த்தாள்.

"இன்னா செல்லம்மா அப்டிப் பாக்கற? பாஸாயிட்டேன்."

"ஆசிக்கு அந்த ஆபீசர்கிட்ட சொல்லிக்கினு இருந்தத கேட்டேன் நைனா. உங்கிட்ட சொன்னா நீ வேணும்னே தப்பு பண்ணுவே, அது ஒதவாதுன்னு தான் இத்தினி நாளா சொல்லாம வெச்சிருந்தாங்களாம்."

"எத்த?"

"நீ அங்க படிக்கவே இல்லியாம் நைனா, தப்ப கண்டுபிடிக்கற அவங்க மெஷினுக்கு நீதான் வாத்தியாராம், உன்னாட்டம் விதவிதமா தப்பு பண்ண அவங்க தேசத்துலயே ஆளு கெடைக்கலியாம், உனக்குக் காலம்பூரா வேல போட்டுக் குடுக்கத்தான் அந்தம்மா ப்ளேன் ஏறி வந்துச்சாம்."